வீட்டிலேயே பிரேக் பைப் மாற்றுவது, காலிபர் கழற்றுவது: எங்கே மாட்டிக்கொள்வோம்?

கேள்வி இதுதான்: பழைய கார். பின்பக்கம் போகும் இரும்பு பிரேக் பைப் துருப்பிடித்துக் கசிகிறது. முன்பக்கம் ஒரு காலிபர் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் வைத்து அழுத்திப் பிடிக்கும் பாகம்) சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வேலையையும் வீட்டிலேயே செய்ய முடியுமா? செய்தால் எங்கே சிக்கல் வரும்?

முடியும். பேட் மாற்றிப் பழகியவர்களுக்குக் காலிபர் கழற்றுவது பெரிய விஷயமே இல்லை. பைப் மாற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். இரண்டிலுமே புதியதைப் பூட்டுவதைவிடப் பழையதைக் கழற்றத்தான் அதிக நேரம் பிடிக்கும். பைப் முனையில் இருக்கும் சின்ன நட்டு ஒன்று மழுங்கினாலோ, காலிபரின் பிளீடர் நிப்பிள் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) பாதியில் முறிந்தாலோ, வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால் எது கழறும், எது அடம்பிடிக்கும் என்று முதலில் தொட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் பாகங்களுக்குப் பட்டியல் போடலாம்.

கசிவு தெரிந்த வண்டியைப் பாகம் வாங்கக்கூட ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். கார்களில் பிரேக் இரண்டு தனித்தனி சர்க்யூட்டாக இருக்கும். சிலவற்றில் முன் ஜோடி ஒன்று, பின் ஜோடி ஒன்று. பலவற்றில் குறுக்காக, முன் இடதும் பின் வலதும் ஒன்று. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் என்று தைரியம் சொல்வார்கள். பிடிக்கும், ஆனால் பெடல் வெகுவாகக் கீழே இறங்கிய பிறகு, பாதிப் பிடிப்போடு. பலமாக மிதிக்கும்போது பைப்புக்குள் அழுத்தம் 100 பாரைத் தொடும். டயருக்குள் இருப்பது 2 பார் சொச்சம்தான். துருவால் மெலிந்த பைப் எந்த மிதியில் வாயைப் பிளக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, அந்தக் காலிபர். அது நிஜமாகவே குற்றவாளிதானா என்று பார்க்காமல் புதிது வாங்கிவிடாதீர்கள். இரும்பு பைப்பையும் காலிபரையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உள்சுவர் ஊதிப் பிரிந்து வழியை அடைத்திருக்கும். மிதிக்கும்போது நம் காலின் பலத்தால் பிரேக் ஆயில் உள்ளே போய்விடும்; காலை எடுத்தால் திரும்பி வர வழியிருக்காது. சக்கரம் பிடித்தபடியே நிற்கும், பழி காலிபர் மேல் விழும்.

கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்துக் காலை எடுத்துவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பிளீடர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டிக் கொஞ்சம் திறங்கள். ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால் காலிபர் நிரபராதி. அழுத்தம் மேலே எங்கோ சிக்கியிருக்கிறது. நிப்பிளை மூடி, மறுபடி மிதித்து இறுக வைத்து, இந்தத் தடவை ஹோஸ் இரும்பு பைப்போடு சேரும் இணைப்பைத் தளர்த்துங்கள். இங்கே தளர்த்தியதும் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) பக்கம். விடுபடாமல் போய், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுபடுகிறது என்றால் ஹோஸ்தான். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் சரி, காலிபரைக் கழற்றத்தான் வேண்டும். அப்போதும் பேட்டைத் தள்ளும் பிஸ்டனே இறுகியிருக்க வேண்டும் என்பதில்லை. உள் பேட் தேய்ந்து தகடாகி, வெளி பேட் தடிமனாக நின்றால் பெரும்பாலும் கைடு பின் (காலிபர் பக்கவாட்டில் நகர்வதற்கான கம்பி) துருப்பிடித்திருக்கும். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று வரும் சிலிகான் கிரீஸ் தடவி, அதன் ரப்பர் உறையை மாற்றினாலே வேலை முடிந்துவிடும். சாதாரண கிரீஸைத் தடவாதீர்கள். அது அந்த ரப்பரை ஊத வைத்து, சில மாதங்களில் பின்னை மறுபடி இறுக்கிவிடும்.

வண்டியைத் தூக்குவதைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சமதளமான கெட்டித் தரை வேண்டும். ஜாக்கி தூக்க மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்க வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டியிருக்கும், அப்போது அந்தக் கட்டைதான் வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஸ்டாண்டில் வைத்ததும் அடியில் போகும் முன் பக்கவாட்டில் நன்றாக உலுக்கிப் பாருங்கள். கண்ணாடி கட்டாயம் போடுங்கள். மல்லாந்து படுத்துப் பைப் கழற்றும்போது ஆயில் சொட்டும் இடம் சரியாக முகத்துக்கு நேரே இருக்கும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியாலோ பிரேக் கிளீனராலோ துடையுங்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு.

இனி முக்கியமான இடம், கழற்றும் இடம்.

முந்தின நாளே எல்லா நட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை உதிர்த்துவிட்டு, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். மாலையில் ஒரு முறை, காலையில் ஒரு முறை அடித்தால் நல்லது. முதலில் தொட வேண்டியது பிளீடர் நிப்பிள். புது பைப் போட்டு, எல்லாம் இறுக்கிவிட்டு, கடைசியில் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்கப் போகும்போது நிப்பிள் முறிந்தால், அந்தச் சக்கரத்துக்குக் காலிபரோ, டிரம் பிரேக்கில் அதன் வேலையைச் செய்யும் வீல் சிலிண்டரோ வாங்காமல் வண்டி நகராது. ஆறு முனை சாக்கெட் அல்லது ரிங் ஸ்பேனர் போட்டு, முதலில் மிக லேசாக இறுக்கும் திசையில் ஒரு அசைப்பு, பிறகு தளர்த்தும் திசையில். டப்பென்று ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டால் பிழைத்தோம். ரப்பர் மாதிரி முறுகிக்கொண்டே வந்தால் உடனே நிறுத்துங்கள். அது கழறவில்லை, முறியப்போகிறது.

பைப் நட்டுக்கு ஓப்பன் ஸ்பேனர் போடவே கூடாது. அது இரண்டே முகத்தைப் பிடிக்கும். துருவேறிய நட்டு ஒரே இழுப்பில் உருண்டையாகிவிடும். பைப் நுழைய வாய் திறந்த ரிங் ஸ்பேனர் ஒன்று கிடைக்கும், ஃபிளேர் நட் ஸ்பேனர் என்று கேளுங்கள். பெரும்பாலும் 10 அல்லது 11 மி.மீ. தேவைப்படும். நட்டு திரும்பும்போது கண்ணைப் பைப் மேல் வையுங்கள். நட்டு சுற்றுவதுபோல் இருக்கும், கூடவே பைப்பும் முறுக்கிக்கொண்டு வரும். நட்டுக்கும் பைப்புக்கும் நடுவே துரு பாய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். எப்படியும் தூக்கிப் போடப்போகிற பைப் என்றால் கவலை இல்லை. நட்டுக்கு ஒட்டி வெட்டிவிட்டு, ஆழமான ஆறு முனை சாக்கெட்டை முழுசாக நட்டின் மேல் ஏற்றித் திருப்புங்கள். என்னைக் கேட்டால், மழுங்கிய நட்டோடு மல்லுக்கட்டுவதைவிட முதலிலேயே வெட்டிவிடுவதுதான் மேல். நெருப்பு காட்டிச் சூடேற்றுவதை நான் சொல்ல மாட்டேன். பிரேக் ஆயில் தீப்பிடிக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் பைப் ஓடும், ரப்பர் ஹோஸ் கருகும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு பட்டால் நச்சு வாயுவும் கிளம்பும்.

பைப்பைப் பிரிக்கும் முன் ஒரு சின்ன உபாயம். பெடலை இரண்டு மூன்று செ.மீ. அழுத்தி, இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் கொஞ்சம் முன்னே நகர்ந்து, மேலே உள்ள டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் சின்னத் துளையை மூடிவிடும். கீழே பைப் திறந்து கிடந்தாலும் டப்பா காலியாகாது. இதனால் தரை அசிங்கமாகாது என்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: டப்பா வற்றினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளும் காற்று புகுந்துவிடும். ஏபிஎஸ்ஸுக்குள் போன காற்றை எடுக்கப் பல வண்டிகளில் ஸ்கேன் டூல் வைத்து உள்ளேயிருக்கும் வால்வையும் பம்பையும் இயக்க வேண்டியிருக்கும்; வெறும் பெடலால் வராது. பெடல் அழுந்தியே இருப்பதால் பின்னால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பேட்டரி இறங்காமல் இருக்க அதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

பைப் வாங்கும்போது உங்கள் வண்டிக்கென்றே வளைத்து, முனை ஃபிளேர் செய்து (இணைப்பில் கசியாமல் உட்கார முனையை விரித்து) வருவது கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சுருளாக வாங்கி நாமே செய்ய வேண்டும். கார்களில் பெரும்பாலும் வெளி விட்டம் 4.75 மி.மீ. செம்பும் நிக்கலும் கலந்த பைப்பை நான் விரும்புவேன். கையாலேயே வளையும், துரு அண்டாது. வெறும் செம்புப் பைப் வேண்டாம், அதிர்விலேயே கெட்டிப்பட்டு விரிசல் விடும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரெஷன் ஜாயிண்ட்டைக் கொண்டு பிரேக் பைப்பை ஒட்டுப் போடுவது தற்கொலைக்குச் சமம். கெட்ட துண்டை மட்டும் வெட்டி நடுவில் சேர்ப்பதாக இருந்தாலும் இரண்டு முனையும் ஃபிளேர் செய்து, பிரேக்குக்கென்று வரும் யூனியன் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஆனால் ஒரு இடத்தில் பொத்தல் விழுந்த பைப்பின் மிச்சமும் அதே வயசுதான். கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் கிளிப்பை விலக்கிப் பாருங்கள். ஈரமும் மண்ணும் அங்கேதான் தங்கும்.

ஃபிளேரில் இரண்டு ஜாதி. ஒன்று, முனை உள்ளே மடிந்து புனல்போல் விரியும் டபுள் ஃபிளேர். இன்னொன்று, குமிழ்போல் புடைத்திருக்கும் பபிள் ஃபிளேர். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. இறுக்கிப் பார்த்தால் இறுகியதுபோலத்தான் இருக்கும், மிதித்தால் கசியும். அதனால் வெட்டி எடுத்த பழைய முனையைத் தூக்கிப் போடாதீர்கள், அதைப் பார்த்துத்தான் புதியதைச் செய்ய வேண்டும். நட்டின் மரையும் அப்படியே. பல வண்டிகளில் 10 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி மரை வரும். ஆனால் ஒரே வண்டியிலேயே மாஸ்டர் சிலிண்டர் பக்கம் வேறு அளவு இருப்பதும் சகஜம்.

பைப்பை ஹாக்ஸா பிளேடால் அறுக்காமல் சின்ன டியூப் கட்டரால் வெட்டுங்கள். திருகை ஒரேயடியாக இறுக்காமல் சுற்றுக்குக் கொஞ்சமாக இறுக்கினால் வாய் வட்டமாக வரும். உள்விளிம்பில் எழும் பிசிரைச் சுரண்டி எடுங்கள், வெளிவிளிம்பை அரத்தால் லேசாகச் சரியுங்கள், உள்ளே தூள் இல்லாமல் ஊதுங்கள். இப்போது நட்டை மாட்டுங்கள், திசை பார்த்து. ஃபிளேர் அழகாக வந்த பிறகு நட்டு மேஜை மேலேயே கிடப்பதைப் பார்க்காத மெக்கானிக் இருக்க முடியாது. டபுள் ஃபிளேருக்கு, ஃபிளேர் கருவியோடு வரும் சின்ன அச்சின் விளிம்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு பைப், அதைப் பிடித்திருக்கும் கருவியின் கட்டைக்கு மேலே நீட்டி நிற்க வேண்டும். பிடியை நன்றாக இறுக்கி, அச்சில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் விட்டு, அது கட்டையில் முட்டும் வரை அழுத்துங்கள். முனை காளான் குடைபோலப் புடைக்கும். அச்சை எடுத்துவிட்டுக் கூம்பால் மறுபடி அழுத்தினால் அந்தப் புடைப்பு உள்பக்கம் மடிந்து இரட்டைச் சுவராகும். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், மயிரிழை விரிசல், எது தெரிந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி. இதற்காகவே பைப்பை அளவைவிட நீளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கழித்துப் போடும் துண்டில் நாலைந்து முனை செய்து கை பழகிய பிறகு நல்ல பைப்பைத் தொடலாம்.

பழைய பைப்பை முழுசாக உருவ முடிந்தால் அதைத் தரையில் வைத்து அதன் வளைவையே பின்பற்றுங்கள். சைலன்சரிலிருந்தும் அசையும் பாகங்களிலிருந்தும் விலகிப் போக வேண்டும். எல்லாக் கிளிப்பும் திரும்ப மாட்டப்பட வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் சில வண்டிகளில் பைப் சுருளாகச் சுற்றியிருக்கும். அது அதிர்வைத் தாங்குவதற்காக, நேராக்கிவிடாதீர்கள். நட்டை முதல் நான்கைந்து சுற்று விரலால் மட்டும் ஏற்றுங்கள். விரலுக்கு வராவிட்டால் மரை குறுக்கே ஏறுகிறது. கடைசி இறுக்கமும் சுமார் 15 நியூட்டன் மீட்டர்தான். பலம் காட்டினால் ஃபிளேர் நசுங்கும்.

காலிபர் கழற்றும்போது எந்த போல்ட்டைக் கழற்றுகிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம். பின்னால் சின்ன இரண்டு போல்ட் கைடு பின்னுக்கு. பெரிய இரண்டும் பிராக்கெட்டுக்கு. காலிபரை மட்டும் எடுக்கச் சின்னது போதும். டிஸ்க்கையும் எடுக்க வேண்டுமானால்தான் பெரியதைத் தொட வேண்டும். எடுத்ததும் ஹோஸில் தொங்க விடாதீர்கள், ஸ்பிரிங்கில் ஒரு கம்பியால் கட்டி நிறுத்துங்கள். ஹோஸ் காலிபரோடு சேரும் இடத்தில் பெரும்பாலும் பேஞ்சோ போல்ட் (உள்ளே ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) இருக்கும், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செம்பு வாஷர். பழைய வாஷர் ஒன்று காலிபரோடு ஒட்டிக்கொண்டு, துருவும் அழுக்குமாக இரும்பு போலவே தெரியும். அதை எடுக்காமல் மேலே புது வாஷரைப் போட்டால் கசிவு நிற்காது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள், செம்பு மினுங்கினால் அது வாஷர்.

பிஸ்டன் இறுகியிருந்தால் ஹோஸைப் பிரிக்கும் முன்னேயே அதை வெளியே தள்ளிக்கொள்ளுங்கள். காலிபருக்குள் ஒரு மரத்துண்டை வைத்து, ஒருவர் மெதுவாகப் பெடலை மிதித்தால் பிரேக்கின் அழுத்தமே வேலையை முடித்துவிடும். கம்ப்ரெஸர் காற்றால் தள்ளப்போனால் பிஸ்டன் தெறிக்கும். நடுவில் விரல் இருந்தால் விரல் போகும். பழைய காலிபரையே திரும்பப் போடுவதானால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது நிப்பிளைத் திறந்து டியூப் வழியாக அழுக்கு ஆயிலை வெளியேற்றுங்கள். மூடி வைத்துத் தள்ளினால் அந்த அழுக்கு ஏபிஎஸ் வரைக்கும் பின்னோக்கிப் போகும். பின்பக்கக் காலிபரில் ஹேண்ட் பிரேக் சேர்ந்திருந்தால் பிஸ்டனைப் பல வண்டிகளில் சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு நசுக்கினால் உள்ளேயிருக்கும் அமைப்பு உடையும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும்.

புதுக் காலிபரைப் பூட்டியதும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் இடதும் வலதும் மாறிப் பூட்டினாலும் போல்ட் சரியாகவே உட்காரும், பேட் சரியாகவே பிடிக்கும், ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கிவிடுவதால் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும்.

ஏர் எடுக்க ஒரு ஆள் துணை போதும். டப்பா மூடியில் எழுதியிருக்கும் ரகத்தையே ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிகான், அதை இவற்றோடு கலக்கக் கூடாது. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் உறிஞ்சிய நிலையில் 155. அதனால் வருடக்கணக்கில் திறந்து கிடந்த பாட்டில் வேண்டாம். பெயிண்ட்டில் சிந்தினால் துடைக்கக்கூட நிற்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வரிசை வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கும். குறுக்கு சர்க்யூட்டும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டிகளில் மாறலாம், மேனுவலைப் பாருங்கள். நிப்பிளில் உள்ளே இருப்பது தெரியும் டியூப், அதன் மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கி. ‘மிதி’ என்றதும் துணைக்கு இருப்பவர் மிதித்துப் பிடிக்க வேண்டும், நீங்கள் திறந்து, குமிழி போவதைப் பார்த்து மூட வேண்டும், மூடிய பிறகுதான் ‘விடு’. பழைய வண்டியில் பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் சீல் அன்றாடம் போகாத, சொரசொரத்த பகுதிக்குப் போய்க் கிழிந்துகொள்ளும். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டைப் போட்டுவிட்டால் போதும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவை எட்டிப் பாருங்கள். பாதிக்குக் கீழே போகவே கூடாது.

பெடல் கல்லாக நின்றதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். காலுக்குக் கீழே பெடல் லேசாக இறங்கினால் அது பூஸ்டர் (மிதியின் பலத்தைக் கூட்டும் பாகம்) உதவுவதால், பயப்பட வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்ல அமிழ்ந்தால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. ஒருவர் மிதித்தபடி இருக்கும்போதே நீங்கள் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். புதுக் காலிபர் போட்ட பிறகு முதல் சில மிதி எதையும் பிடிக்காது, பிஸ்டன் பேட்டை எட்ட வேண்டும். எனவே வண்டியை நகர்த்தும் முன் நின்ற இடத்திலேயே பெடலைப் பம்ப் செய்துவிடுங்கள். முதல் ஓட்டம் வீட்டு வாசலிலேயே, நடை வேகத்தில். மறுநாள் அதே இணைப்புகளை இன்னொரு முறை காகிதத்தால் ஒற்றி, சக்கர நட்டையும் சரிபார்த்துவிட்டுச் சாலைக்கு எடுங்கள்.